ஆற்றைப் பார்த்த ஜன்னல்

நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி படம் போட்டிருந்தாள். குடும்பத்தோடு ஐரோப்பா டூர் போனவள். பின்னால் ஓர் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு கோட்டை, முன்னால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அவள். நீங்கள் எல்லோரும் ஆளாளுக்கு இதயம் பறக்கவிட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏய் பிரான்ஸு, சின்னப் புள்ளையிலயே இந்த மாதிரி ஊருக்குப் போயிட்டு வந்தவ நீதானடி! ஒரு நாளாவது அதப் பத்தி வாயத் தொறந்திருக்கியா?"

திறக்கவில்லைதான். ஏழாம் வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து நான் வந்து நின்றபோது "சாக்லேட் எங்கடி?" என்று கேட்டீர்கள். நான் முறைத்தேன். திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டி, பட்டப்பெயரும் வைத்துவிட்டீர்கள். போங்கடி என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது நம்மில் பாதிப் பேருக்குத் தலையில் வெள்ளை, மீதிப் பேருக்கு டை. இனிமேலும் எதற்குப் பொத்தி வைப்பது? சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா அப்போது ஒரு துரைசாணி வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். கொடைக்கானலில் மற்றவர்கள் அவரை மேடம் என்பார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு வெள்ளைக்காரப் பெண் என்றால் துரைசாணிதான், அவர் இருக்கிற வீடு பங்களாதான். பிரான்ஸில் ஒரு கிராமத்தில் பிறந்து, இளவயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, ஏரிக்கு மேலே ஒரு வீட்டில் தனியாக வாழ்ந்தவர். நன்றாகவே தமிழ் பேசுவார். அந்த வருடம் ஊரில் அவருடைய அண்ணன் இறந்துபோனார். அண்ணன் இருந்த வீட்டை ஒழித்துக் கொடுக்க ஆள் இல்லை, இவருக்கோ முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கோடை லீவுக்கு என்னோடு வா என்று அம்மாவைக் கேட்டார். "எம்புள்ளைய விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்" என்றாள் அம்மா. அப்படித்தான் நானும் போனேன்.

அப்பாவைக் கேட்டபோது "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. "போங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் என்ன இருந்தது என்று எனக்கோ அம்மாவுக்கோ அப்போது தெரியவில்லை. நாங்கள் திரும்பி வரமாட்டோம் என்று அப்பா நம்பினார். நம்பித்தான் எங்களை அனுப்பினார்.

இது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அப்பாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அவர் சின்னப் பையனாக இருக்கும்போது, இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தப்படி, சிலோனில் வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் வந்தது. பாஸ்போர்ட் வந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வந்தது. அப்பாவின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வரவில்லை. "முன்னால போங்க, சீக்கிரம் வந்துருவோம்" என்று அவர்கள் ரயிலேற்றிவிட்டார்கள். கப்பலுக்குப் போகிற அந்த ரயிலுக்கே அங்கே அழுகைக் கோச்சி என்றுதான் பெயர். அப்பாவின் அம்மா அந்த ரயில் கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தாராம். அப்புறம் அவரை அப்பா பார்க்கவே இல்லை. அக்காவையும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். அது யார் கைக்கு வருகிறதோ அவர்கள் போய்விடுவார்கள்.

எங்கள் பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று அப்பா வில்பட்டித் தோட்டத்தில் கேரட் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். கையெல்லாம் மண். கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் படம் இருக்கிற பக்கத்தைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கு புள்ள" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. தோட்டத்திலேயே டீயும் பன்னும் தின்றிருப்பார் என்று அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். என் பையைத் தோளில் மாட்டிவிட்டு, தலையில் கை வைத்தார். "தொரசாணி சொன்னபடி கேட்டு நடந்துக்க. எதையும் ஒடச்சுப்புடாத" என்றார். பஸ் கிளம்பவில்லை, டிரைவர்கூட ஏறவில்லை, அப்பா திரும்பிப் போய்விட்டார். வேகமாக நடந்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பாத்தியா ஒங்கப்பன? பஸ்ஸு கெளம்புற மட்டும்கூட நிக்க முடியல. அம்புட்டுச் சோலி!" என்றாள். நின்றிருந்தால் அவரும் பின்னால் ஓடிவந்திருப்பார். இது எனக்கு இப்போது தெரிகிறது.

சென்னை ஏர்போர்ட்டில் என் பையை மெஷினுக்குள் விட்டதும் ஒரு போலீஸ்காரம்மா கூப்பிட்டாள். "என்னம்மா இது?" என்று துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து விரித்தாள். அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைக் கழிக்கிற வளைந்த கத்தி, பிடி தேய்ந்து வழவழவென்றிருக்கும். சிலோனிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான். கப்பல் ஏறுகிறவர்கள் கையில் வீட்டில் இருப்பதிலேயே நல்ல சாமானைக் கொடுத்துவிடுவது எங்கள் சனத்தின் வழக்கம். அவருடைய அம்மா அதை அவருக்குக் கொடுத்தார், அவர் எனக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் பையில் வைத்திருக்கிறார். "இந்த மனுசனுக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கத்தியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டார்கள். அதற்குள் ஏற்கெனவே நகவெட்டியும் கத்தரிக்கோலுமாகக் கிடந்தன. டொங் என்று ஒரு சத்தம், அத்தோடு போயிற்று.

சரி, ஊரைச் சொல்கிறேன். அதைத்தானே கேட்டீர்கள்.

ஊர்ப் பெயர் நம் வாயில் நுழையாது. எழுதுவதில் பாதியை அவர்களே முழுங்கிவிட்டுத்தான் சொல்வார்கள். ஒரே ஒரு தெரு. தெருவின் ஒரு முனையில் சர்ச், இன்னொரு முனையில் கல் பாலம். பாலத்துக்குப் பக்கத்தில் கோட்டை. கறுப்பு ஓடு வேய்ந்த கூரை, இரண்டு பக்கமும் உருண்டைக் கோபுரம், சுவர் நேராக ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கோட்டை முழுக்கத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். ஒரு வாத்து குறுக்கே போனால் கோபுரம் இரண்டாக உடைந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். நான் மணிக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஈரக் கல் வாசமும், காலையில் ரொட்டி வேகிற வாசமும், தெருவோர மரங்களில் பூத்த ஏதோ பூவின் தேன் வாசமும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இந்த ஊரு சூரியனுக்கு வீடு வாசல் கெடையாதா?" என்பாள் அம்மா.

துரைசாணியின் வீடு பங்களா இல்லை. கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், குறுகலான படியும் தாழ்ந்த கூரையுமாக ஒரு சின்ன வீடு. அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். "அடிப்பாவி, நம்ம ஊருல இவுக இருக்குற வீடே பெருசால்ல இருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அலமாரியைத் திறந்ததும் சீஸ் வாசம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டாள். துரைசாணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மாடி அறையைத் திறந்தபோது சிரிப்பு நின்றுபோனது. அது அவர் சின்ன வயதில் இருந்த அறை. கட்டிலில் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது, தலையணைக்கு உறை போட்டிருந்தது, ஜாடியில் காய்ந்த பூ இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி வந்து ஏதோ சொன்னார். துரைசாணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மாதாமாதம் அந்த விரிப்பைத் துவைத்து மறுபடி விரிப்பாராம், தங்கச்சி என்றைக்காவது வருவாள் என்று. இவர் போகவே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "இத்தன வருசமா ஒரு மனுசன் காத்துக் கெடந்திருக்காரு பாரு" என்று என்னிடம் சொல்லி அவளும் அழுதாள். எங்களுக்காக ஊரில் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்றுதான் அப்போது நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த விரிப்புகளை எல்லாம் அம்மா ஆற்றுக்கு எடுத்துப் போனாள். மெஷின் இருக்கிறது என்று துரைசாணி சொல்லியும் கேட்கவில்லை. கோட்டைக்கு எதிர்க்கரையில் பழைய காலத்துத் துவைக்கிற படித்துறை ஒன்று இருந்தது, கூரை போட்டு, சாய்வாகக் கல் பதித்து. யாரும் அதைத் தொட்டுப் பல காலம் ஆகியிருக்கும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் அடித்துத் துவைத்த சத்தம் கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுக் கிழவி, தன் வீட்டிலிருந்து இரண்டு துண்டை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் மண்டியிட்டுத் துவைக்க ஆரம்பித்துவிட்டார்! ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. இருந்தும் இரண்டு பேரும் நிறுத்தாமல் பேசினார்கள். அந்தப் பயணத்தில் அம்மா ரொம்பச் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

போஸ்ட் ஆபீஸ் பக்கத்து பூத்திலிருந்து வில்பட்டிக்கு போன் போடுவோம். எங்கள் தெரு முக்கில் பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணன்தான் எடுப்பார். "ஏலே, வெரசா ஓடிப்போயி அவரக் கூட்டியா" என்று யாரையோ விரட்டுவது கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, "வரமாட்டேங்காருக்கா, சோலி இருக்காம்" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே பதில். கடைசித் தடவை, "அவரு மேல்மலையில போளூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டாருக்கா" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, அதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. "பொண்டாட்டி சீமைக்குப் போனதுல தொரைக்கு ரோசம்" என்று அம்மா போனை டக்கென்று மாட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைசாணி என்னைக் கோட்டைக்குள் கூட்டிப்போனார். டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம். அம்மா வரவில்லை. "பங்களாவுக்குள்ள முன்வாசல் வழியாப் போயி வேடிக்க பாக்குறதா? எனக்கு ஆகாது சாமி" என்று படித்துறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மெழுகு வாசம். வெளியில் கொளுத்துகிற வெயில், கல் மட்டும் நம் ஊர் டிசம்பர் போலச் சில்லென்றிருந்தது. மேல் மாடியில் ஒரு ஜன்னல். சுவர் அவ்வளவு கனம் என்பதால் ஜன்னலுக்குள்ளேயே உட்காரக் கல் மேடை போட்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். கீழே ஆறு, எதிரே படித்துறையில் அம்மா. என்னைக் கண்டுபிடித்து முந்தானையை வீசிக் காட்டினாள். நானும் கையை ஆட்டினேன். சுற்றிக் காட்டுகிற அம்மாள் வந்து, உட்காரக் கூடாது என்று விரலை ஆட்டி இறக்கிவிட்டார். வெளியே வந்ததும், கோட்டையும் ஆறும் முழுசாகத் தெரிகிற ஒரு போஸ்ட் கார்டு வாங்கினேன். "அப்பா, நாங்க நல்லா இருக்கோம். சீக்கிரம் வந்துருவோம்" என்று எழுதி, பெட்டிக்கடை விலாசத்துக்கு அனுப்பினேன்.

"சீக்கிரம் வந்துருவோம்." அவருடைய அம்மா ரயிலடியில் சொன்ன அதே வார்த்தை. எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் கடைசியில் திரும்பினோம். வில்பட்டியில் இறங்கினால் சாரலும் ஊதக்காற்றும். எங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒரு பிள்ளை மூக்கை ஒழுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே விட்டத்தில் வேறு யாருடைய சேலையிலோ தூளி தொங்கியது. அம்மா வாசலிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு நின்றாள். பெட்டிக்கடை அண்ணன்தான் ஓடிவந்து சொன்னார். நாங்கள் போன கொஞ்ச நாளிலேயே அப்பா வீட்டைக் காலி செய்துவிட்டாராம். ஆட்டுக்குட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம், அம்மாவின் சட்டி பானைகளையும்தான். "'எனக்கொருத்தனுக்கு எதுக்கு வீடு'ன்னாருக்கா. அவுக வந்துருவாகன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'ஒனக்குத் தெரியாதுய்யா, போனவுக வரமாட்டாக'ன்னுட்டாரு."

மறுநாள் வெள்ளனே போளூருக்கு பஸ் ஏறினோம். பூம்பாறையில் படிப்படியாக இறங்குகிற பூண்டுத் தோட்டமெல்லாம் மஞ்சு மூடிக் கிடந்தது. போளூரில் தோட்டக்கார அக்கா ஒருவர் வழி காட்டிக்கொண்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதேன் அந்தப் பங்களாப் புள்ளையா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தோட்டத்துக் காவல் கொட்டாய். நாலு பக்கமும் தகரம், கீழே சாக்கு. இடுக்கெல்லாம் காற்று. அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். தலைமாட்டில் தகரத்தில், சோற்றுப் பருக்கை வைத்து என் போஸ்ட் கார்டை ஒட்டியிருந்தார். பெட்டிக்கடை அண்ணன் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியது. போளூரில் அதைப் பார்க்காத ஆள் இல்லையாம். "ஆத்தங்கரையில பங்களா. தொரசாணி பங்களா. எம்மக அங்கனதேன் இருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் பெரிய கட்டடம் என்றால் அது துரை பங்களாதான் என்று வளர்ந்த மனிதர். துரைசாணியோடு போனவர்கள் வேறு எங்கே இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் செத்துப்போனது. அம்மாவைப் பார்த்து, "திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"யாருங்க அனுப்புறது? போன சோலி முடிஞ்சுச்சு, வந்துட்டோம்!" அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். அவர் காதில் அது ஏறவே இல்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ எதுவும் ஒடச்சுப்புட்டியா புள்ள?"

இல்லப்பா, இல்லப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நம்பவில்லை. கத்தியைப் பற்றிக் கேட்டார். அதுவும் போய்விட்டது என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்கள் சாக்லேட் கேட்டது அதற்கு அடுத்த வாரம்.

வில்பட்டியில் வேறு வீடு பிடித்தோம். சட்டி பானைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்பாவின் நெஞ்சில் ஏறிய சளி மட்டும் இறங்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் மத்தியானங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கேட்டேன், போன் போட்டபோது ஏன்ப்பா வரவே இல்லை என்று. "கொரலக் கேட்டா அழுதுருவேன். நான் அழுதா நீங்க ஓடியாந்துருவீங்க" என்றார். அம்மா இதைக் கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். ரோசம் என்று தான் சொன்னதை நினைத்து அவள் சாகிற வரைக்கும் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த போஸ்ட் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தகரத்திலிருந்து உரித்தபோது ஒரு மூலை கிழிந்திருந்தது. இப்போது அது என்னிடம் இல்லை. அவரைக் கொண்டுபோனபோது சட்டையோடு அதுவும் போய்விட்டது. கடைசியாக அதை அவர் வெளியே எடுத்தது ஒரு மழை மத்தியானம். என் கையில் கொடுத்தார். பேசினால் இருமல் வரும், அதனால் மெதுவாகக் கேட்டார்.

"இதுல எந்த ஜன்னலு புள்ள ஒன்னோடது?"

அப்பா, நாங்கள் இருந்தது இதற்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு சின்ன வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே பல தடவை சொன்னதுதான். அன்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேல் மாடியில், கோபுரத்தை ஒட்டி, ஆற்றைப் பார்த்த ஜன்னலில் விரலை வைத்தேன்.

"இதுப்பா. இதுல உக்காந்தா எதிர்க்கரையில அம்மா துணி தொவைக்கிறது தெரியும்."

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியில் காற்று அடித்தது.

"கதவு இருக்கா? ஆத்துக் காத்து உள்ள வருமே."

"கண்ணாடிக் கதவு இருக்குப்பா. சாத்திட்டா காத்தே வராது."

"அப்பச் சரி" என்றார்.